கும்பகோணத்தில் ஈறு சிகிச்சை: சர்க்கரை உள்ளவர்கள் நம்பிப் போகக்கூடிய ஒரு பல் மருத்துவமனை

சர்க்கரை உள்ளவர்களுக்குப் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தாலோ, பல் லேசாக ஆட ஆரம்பித்தாலோ, கும்பகோணத்தில் நான் சிகிச்சை எடுத்துக்கொண்ட இந்தப் பல் மருத்துவமனைக்குத் தாராளமாகப் போகலாம். மகாமகக் குளத்திலிருந்து நடந்துபோகிற தூரம்தான். முதல் மாடியில் இருக்கிறது. இரண்டு நாற்காலிகள், ஒரு டாக்டரம்மா, உதவிக்கு இரண்டு பெண்கள். ஈறு நோய்க்கென்றே மேல்படிப்பு படித்தவர். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை ஏன் குறைகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் நுகர்பொருள் வாணிபக் கழகத்தில் பட்டியல் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். வலங்கைமான் பக்கம் கிராமம். குறுவை, சம்பா, தாளடி என்று நெல் கொள்முதல் நிலையத்திலேயே காலம் போனது. சர்க்கரை வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. மாத்திரை தவறாது. காலையில் வாய்க்கால் கரையோரம் நடை, ராத்திரி இரண்டு கோதுமை தோசை, அதோடு சரி. அப்படியும் மூன்று மாத சராசரி என்று பார்ப்பார்களே, அந்த ஹெச்பிஏ1சி 9.1 சதவீதத்தில் வந்து நின்றுகொண்டது. மாத்திரையைக் கூட்டினார்கள், கொஞ்சம் இறங்கிற்று, திரும்ப ஏறிக்கொண்டது.

எங்கள் சர்க்கரை டாக்டர் வயதானவர், அவசரப்படாதவர். காலைப் பார்த்தார், சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று டெஸ்ட் எடுக்கச் சொன்னார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்புறம், "வாயைத் திறங்க" என்றார். கீழ்வரிசை ஈறை விரலால் அழுத்தினார். சீழ் வந்தது. "உள்ளே இவ்வளவு புண்ணை வச்சுக்கிட்டு சர்க்கரை எப்படி இறங்கும்? மருந்தை இன்னும் கூட்டுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. சும்மா கிளீனிங் பண்ற இடத்துக்குப் போகாதீங்க, ஈறு பார்க்கிறவங்களா பார்த்துப் போங்க" என்று சொல்லி அனுப்பினார். சர்க்கரை பார்க்கிற டாக்டர் ஒருவர் வாயைத் திறக்கச் சொன்னது எனக்கு அதுதான் முதல் தடவை. அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

இதற்கு முந்தைய வருடம் வேறொரு ஊரில் பல் சுத்தம் செய்துகொண்டேன். அங்கே என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டும் எவ்வளவு வேறு என்பது அப்போதுதான் புரியும். உட்கார்ந்ததும் மெஷினை வைத்தார்கள், மேலாக நாலு சுற்று சுற்றினார்கள், பத்து நிமிடத்தில் முடிந்தது. சர்க்கரை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிளம்பும்போது, "முன்பல் எல்லாம் இன்னும் ரெண்டு வருஷம்தான் தாங்கும், எடுத்துட்டு ஸ்குரூ வச்சு கட்டிடலாம்" என்று ஒரு பெரிய தொகையைத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அந்த முன்பற்கள் இன்றைக்கும் என் வாயில்தான் இருக்கின்றன.

இங்கே முதல் நாள் சிகிச்சையே கிடையாது. கேள்விகள்தான். சர்க்கரை எத்தனை வருடமாக, கடைசி ஹெச்பிஏ1சி எவ்வளவு, ரிப்போர்ட் எங்கே, என்னென்ன மாத்திரை, அட்டையைக் காட்டுங்கள். நான் சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு அட்டைகளைக் காட்டினேன். "பிரஷருக்கு என்ன சாப்பிடுறீங்க?" என்றார். அதற்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும், அதனால்தான் கேட்டேன் என்று விளக்கினார். ரத்தத்தை இளக்கும் மாத்திரை உண்டா என்றும் கேட்டார். அப்படி ஒன்று சாப்பிடுகிறவர்கள் பல் வைத்தியத்துக்கு வருகிறோம் என்று தாங்களாகவே நிறுத்திவிட்டு வரக்கூடாது, எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும் என்று அழுத்திச் சொன்னார்.

வெற்றிலை பாக்கு உண்டா, புகையிலை உண்டா என்பது அடுத்த கேள்வி. எனக்கு இரண்டும் இல்லை. ஆனால் எங்கள் பக்கம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் வைத்தியம் பார்க்க முடியாது. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. இலை பாட்டுக்கு இலை. அதோடு சேர்கிற புகையிலையும் பாக்கும்தான் வாயைக் கெடுக்கின்றன. புகை பிடிக்கிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து இருக்கிறது என்றார் டாக்டரம்மா. ஈறு உள்ளே அரித்துக்கொண்டிருந்தாலும் ரத்தம் அவ்வளவாக வராது. அதனால் நோய் முற்றும்வரை தெரியாமலே போய்விடும். என் பக்கத்து வீட்டுக்காரர் அப்படித்தான் அறுபது வயதுக்குள் பாதிப் பற்களை இழந்தார்.

அப்புறம் அளக்க ஆரம்பித்தார். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்று. ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்ல இறக்கி, எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்த்து, "மூணு, ரெண்டு, அஞ்சு... ரத்தம்... நாலு, ஆறு, ஆறு" என்று சொல்லச் சொல்ல, உதவிக்கு இருந்த பெண் கட்டம் போட்ட தாளில் எழுதிக்கொண்டே வந்தது. மூன்று வரைக்கும் ஆரோக்கியம். நாலுக்கு மேலே போனால் ஈறு பல்லை விட்டு விலகிப் பை விழுந்திருக்கிறது என்று கணக்கு. எனக்குக் கடைவாயில் ஏழு வரை போன இடம் இருந்தது.

கொள்முதல் நிலையத்தில் மூட்டையை மேலாகத் தொட்டுப் பார்த்து ஈரப்பதம் சொல்ல முடியாது. குத்தூசியை உள்ளே விட்டு நெல்லை எடுத்து மீட்டரில் போட்டால்தான் 17 சதவீதத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று தெரியும். வெளியே காய்ந்து சலசலவென்று இருக்கிற மூட்டை உள்ளே புழுங்கிக்கொண்டிருக்கும். எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஈறும் அப்படித்தான் என்பதை அந்த நாற்காலியில் சாய்ந்திருந்தபோது உணர்ந்தேன். கண்ணாடியில் பார்த்தால் என் பற்கள் ஒன்றும் மோசமாகத் தெரியவில்லை. உள்ளே ஆறும் ஏழும் ஓடுகிறது.

அளக்காமல் சிகிச்சை ஆரம்பிக்கிற இடத்தில் ஈறு நோய்க்குப் பணம் கட்டாதீர்கள். எவ்வளவு ஆழம் இருந்தது, இப்போது எவ்வளவு என்று கையில் தாள் இல்லையென்றால், குணமானதா இல்லையா என்று பிறகு எப்படித் தெரியும்? என்னைப் பொறுத்தவரை இந்த மருத்துவமனைக்கு நான் கொடுக்கிற மதிப்பில் பெரும்பங்கு இந்த அளவுத் தாளுக்குத்தான்.

வாய் முழுவதும் தெரிகிற எக்ஸ்ரே ஒன்று எடுத்தார்கள். பல்லைத் தாங்கும் எலும்பு எங்கெங்கே கரைந்திருக்கிறது என்று திரையில் காட்டினார். போன எலும்பு பெரும்பாலும் திரும்ப வளராது, இனிமேல் போகாமல் நிறுத்துவதுதான் குறிக்கோள் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஆசை காட்டவில்லை.

சர்க்கரைக்கும் ஈறுக்கும் உள்ள சம்பந்தத்தை அவர் விளக்கிய விதம் எனக்குப் பிடித்தது. இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால் கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்கள் சரியாக வேலை செய்யாது. சின்ன ரத்தக் குழாய்கள் கெடும். எச்சில் வற்றும். புண் ஆறுவது தாமதமாகும். ஆக ஈறு சீக்கிரம் கெடும். மறுபக்கம், ஈறுப் பைகளில் இருக்கிற கிருமிகளால் எந்நேரமும் அழற்சி நடந்துகொண்டே இருக்கும். எல்லாப் பற்களைச் சுற்றியும் உள்ள புண்ணை விரித்துப் போட்டால் உள்ளங்கை அளவுக்குக்கூட வரும் என்றார். காலில் அந்த அளவுக்குப் புண் இருந்தால் அன்றைக்கே ஓடியிருப்போம். வாய்க்குள் இருப்பதால் பேசாமல் இருக்கிறோம். அந்த அழற்சியில் உண்டாகிற சில ரசாயனங்கள் ரத்தத்தில் கலந்து, இன்சுலினை உடம்பு ஏற்றுக்கொள்ளவிடாமல் தடுக்கின்றன. மாத்திரை சாப்பிட்டும் சர்க்கரை முரண்டு பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கண், சிறுநீரகம், நரம்பு, இதயம் என்று சர்க்கரையின் பின்விளைவுகளைச் சொல்கிறோமே, அந்த வரிசையில் ஈறு நோயை ஆறாவதாகச் சேர்க்க வேண்டும் என்று ஹெரால்ட் லோ என்ற ஈறு நிபுணர் 1993-லேயே எழுதினாராம். முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. எங்கள் தெருவில் சர்க்கரை உள்ளவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள், ஒருவருக்கும் இது தெரியாது. எனக்கு இதில் மிகுந்த வருத்தம்.

"அப்ப இதைச் சரி பண்ணா சர்க்கரை இறங்கிடுமா?" என்று நேரடியாகக் கேட்டேன். "கொஞ்சம் இறங்க வாய்ப்பு இருக்கு சார். மாத்திரையை நிறுத்துற அளவுக்கெல்லாம் இறங்காது. அப்படி யாராவது சொன்னா நம்பாதீங்க" என்றார். இந்த ஒரு பதிலுக்காகவே அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

என் மகள் திருச்சியில் மருந்தாளுநர். அவள் வீட்டுக்கு வந்திருந்தபோது இது சம்பந்தமான ஆய்வுகளை எடுத்துப் படித்துச் சொன்னாள். காக்ரேன் என்ற அமைப்பு உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2022-ல் ஒரு தொகுப்பு வெளியிட்டிருக்கிறது. 35 ஆய்வுகள், மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்கள். ஈறு சிகிச்சை எடுத்தவர்களுக்கு, எடுக்காதவர்களைவிட, மூன்று நான்கு மாதத்தில் ஹெச்பிஏ1சி சராசரியாக 0.43 சதவீதப் புள்ளியும், ஆறு மாதத்தில் 0.30 புள்ளியும் குறைவாக இருந்தது. லண்டனில் 264 பேரை வைத்துச் செய்து 2018-ல் வெளியான ஆய்வில், ஒரு வருடம் விடாமல் தீவிரமாகச் சிகிச்சை கொடுத்த பிரிவில் 0.6 குறைவு. மாறாக வந்ததும் உண்டு. அமெரிக்காவில் 514 பேரை வைத்து நடந்து 2013-ல் வெளியான பெரிய ஆய்வில் ஆறு மாதத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அந்த ஆய்வில் ஈறுகளே போதுமான அளவுக்குக் குணமாகவில்லை, பிறகு சர்க்கரை எப்படி இறங்கும் என்று நிபுணர்கள் பலர் அப்போதே கேட்டார்களாம். நான் இதை டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவருக்கு இரண்டு பக்கமும் தெரிந்திருந்தது. மேலோட்டமாகச் சுத்தம் செய்தால் பலன் இருக்காது என்பதற்கு அதையே உதாரணமாக அவர் எடுத்துக்கொண்டார்.

0.4 என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். ஹெச்பிஏ1சி ஒரு புள்ளி குறைவாக இருப்பவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற சிறு ரத்தக் குழாய்ப் பாதிப்புகள் 37 சதவீதம் குறைவாக இருந்தன என்று பிரிட்டனில் பல வருடம் நடந்த ஆய்வு 2000-ல் சொன்னது. அதோடு வைத்துப் பார்த்தால் 0.4-ஐ அலட்சியப்படுத்த முடியாது. அதிலும் இது இன்னொரு மாத்திரை இல்லாமல் கிடைப்பது, கூடவே பல்லும் நிற்கிறது.

சரி, சிகிச்சைக்கு வருகிறேன். வாயை நாலு பகுதியாகப் பிரித்து, ஒரு பக்கம் மேலும் கீழும் ஒரு நாள், மறுபக்கம் இன்னொரு நாள் என்று வைத்துக்கொண்டார். காலை நேரம்தான் கொடுப்பார்கள். வழக்கம்போல டிபன் சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள். பல் டாக்டரிடம் போகிறோம் என்று வெறும் வயிற்றோடு மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு நாற்காலியிலேயே சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துவிடும், அதனால்தான் இந்தக் கண்டிப்பு. உட்கார்ந்ததும் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். ஒருமுறை எனக்கு முன்னால் இருந்தவருக்கு முந்நூறைத் தாண்டிக் காட்டியது. அவரை அன்றைக்குத் தொடாமல், சர்க்கரை டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். அவர் முணுமுணுத்துக்கொண்டு போனார். எனக்கு அது சரியான காரியமாகப் பட்டது.

மரத்துப்போகிற ஊசி போட்டபின் வலி தெரியவில்லை. மெஷின் வைத்து மேலே படிந்து இறுகிய காரையை உடைத்துவிட்டு, அப்புறம் கையால் பிடிக்கிற கருவிகளை ஈறுக்கு உள்ளே விட்டு வேர் வரைக்கும் சுரண்டுகிறார். அந்தச் சத்தம் மண்டைக்குள் கேட்கும். அதற்குத் தயாராக இருங்கள். சுரண்டி வந்த காரையைத் துணியில் வைத்துக் காட்டினார். கறுத்து, கல் மாதிரி இருந்தது. ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரத்துக்குமேல் பிடித்தது. வேரை வழுவழுப்பாக்கினால்தான் ஈறு திரும்பப் பல்லோடு ஒட்டும் என்பதால் அவசரமே படவில்லை. கீழ்க் கடைவாயில் ஒரு பல் மட்டும் தாங்காது என்று எடுத்துவிட்டார்கள். ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதித் தருவார் என்று எதிர்பார்த்தேன். தரவில்லை. "சுரண்டி எடுக்காம மாத்திரை மட்டும் குடுத்தா உள்ளே போகாது. எடுத்ததுக்கு அப்புறம் பெரும்பாலும் தேவைப்படாது. தேவைப்பட்டா குடுக்குறேன்" என்றார். கடைசிவரை தேவைப்படவில்லை.

அடுத்த சில வாரங்களில் நடப்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. ஐஸ் தண்ணீர், மோர்கூடப் பல் கூசும். ஈறு வீக்கம் வடிந்ததும் பற்களுக்கு நடுவே இடைவெளி தெரியும், பல் நீண்டுவிட்டது போல இருக்கும். எங்கள் ஊரில், "பல்லைச் சுத்தம் பண்ணா ஆட ஆரம்பிச்சிடும், எனாமல் போயிடும்" என்று பயப்படுத்துவது இதைப் பார்த்துத்தான். அந்த இடத்தில் இருந்தது வீக்கமும் காரையும். அது போனதால் வந்த இடைவெளி. எனக்கு ஆடிக்கொண்டிருந்த கீழ் முன்பற்கள் இறுகின. கூச்சம் மெல்ல மெல்லக் குறைந்தது. குளோர்ஹெக்சிடின் வாய் கொப்பளிக்கும் மருந்தை இரண்டு வாரத்துக்கு மட்டும் கொடுத்தார். அதைத் தொடர்ந்து பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கில் ருசி மாறும். காலையில் டிகிரி காப்பி குடிக்கிறவர்களுக்குக் கறை இன்னும் சீக்கிரம் பிடிக்கும். அந்த இரண்டு வாரமும் எனக்குக் காப்பி காப்பியாக இல்லை. ஆனால் சொன்ன நாளோடு நிறுத்திவிட்டேன், ருசி திரும்பிவிட்டது.

பல் தேய்க்கச் சொல்லிக்கொடுப்பதற்கு இவர்கள் செலவழித்த நேரம் வேறெங்கும் நான் பார்க்காதது. மிருதுவான பிரஷ், ஈறும் பல்லும் சேர்கிற கோட்டில் சாய்த்துப் பிடித்து மெல்ல அசைப்பது. அதைவிட முக்கியம், பல் இடுக்கில் விடுகிற சின்ன பிரஷ். என் கையிலேயே கொடுத்து, கண்ணாடி முன்னால் நிறுத்தி, "நீங்களே விடுங்க சார், நான் பார்க்கிறேன்" என்றது உதவிக்கு இருந்த பெண். இடைவெளிக்கு ஏற்ற அளவை அவர்களே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்கள். ராத்திரி படுக்கும் முன் இதைச் செய்யாமல் படுப்பதில்லை. வேப்பங்குச்சி பற்றி என் மனைவி கேட்டாள். தேய்க்கலாம்மா, ஆனால் இடுக்கில் இருப்பதை அது எடுக்காது என்று பொறுமையாகப் பதில் சொன்னார்கள்.

மூன்று மாதம் கழித்து அதே கம்பி, அதே கட்டம் போட்ட தாள். ஏழு இருந்த இடம் நாலாகியிருந்தது. ஆறுகள் பெரும்பாலும் மூன்றும் நாலும் ஆகியிருந்தன. தொட்டால் ரத்தம் வந்த இடங்களில் பெரும்பகுதி வரவில்லை. இரண்டு இடம் மட்டும் ஐந்தில் நின்றது, அங்கே திரும்பச் சுரண்டினார். பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஹெச்பிஏ1சி 9.1-லிருந்து 8.4-க்கு வந்திருந்தது. எனக்குத் தாளாத சந்தோஷம். டாக்டரம்மா என்னைவிட நிதானமாக இருந்தார். "இதுல எவ்வளவு ஈறால, எவ்வளவு மற்றதாலன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது சார். நடையும் கூடியிருக்கு, சாப்பாடும் மாறியிருக்கு. ரிப்போர்ட்டை உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க, மாத்திரையை அவர்தான் முடிவு பண்ணணும்" என்று சொல்லி அவருக்கும் ஒரு கடிதம் எழுதினார். இரண்டு டாக்டர்களும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வது எங்கள் பக்கத்தில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது?

ஹெச்பிஏ1சி அளப்பது ரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை. அந்த அணுக்களின் ஆயுள் சுமார் நாலு மாதம் என்பதால், சிகிச்சை முடிந்த உடனே ஹெச்பிஏ1சி எடுத்துப் பார்த்து ஏமாற வேண்டாம். மூன்று மாதமாவது விட வேண்டும். சர்க்கரை இறங்க ஆரம்பித்தால் வீட்டு மெஷினில் அடிக்கடி பார்த்துக்கொள்வதும் நல்லது. கிளிமிபிரைடு, இன்சுலின் எடுக்கிறவர்களுக்கு அளவுக்குமேல் இறங்கினாலும் ஆபத்துதான்.

இது ஒருமுறையோடு முடிகிற வைத்தியம் கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்கிறார். வராமல் விட்டால் பைகள் திரும்ப ஆழமாகும். ஈறு நோயும் சர்க்கரையைப் போலத்தான் கட்டுக்குள் வைத்துக்கொள்ள முடியும், அடியோடு போக்க முடியாது. இதையும் பணம் வாங்குவதற்கு முன்னாலேயே சொன்னார்.

இனி அந்த அரை மதிப்பெண். மாடிப்படி செங்குத்தாக இருக்கிறது, பிடிச்சுவரும் ஒரு பக்கம்தான். வருகிறவர்களில் பாதிப்பேர் முழங்கால் வலி உள்ள வயதானவர்கள். கீழே ஒரு அறை எடுத்து அளவெடுப்பதையாவது அங்கே வைத்தால் பெரிய உபகாரமாக இருக்கும். நேரம் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் காக்க வைத்ததும் உண்டு. காலையில் சாப்பிட்டு மாத்திரை போட்டுக்கொண்டு வருகிற சர்க்கரைக்காரர்களை மதியச் சாப்பாட்டு நேரம் வரை உட்கார வைப்பது நல்லதில்லை. இதை அவரிடமே சொன்னேன், இப்போது கொஞ்சம் பரவாயில்லை. பில்லும் கேட்டால்தான் விவரமாக எழுதித் தருகிறார்கள்.

செலவு எனக்கு எக்ஸ்ரே, பல் எடுத்தது எல்லாம் சேர்த்து ஏழாயிரத்துச் சொச்சம் ஆனது. ஒவ்வொரு பக்கம் முடிந்தபின் பகுதி பகுதியாகக் கட்டினேன். எனக்கு ஓய்வூதியம் வருகிறது. நாற்று நடவுக்கும் களை பறிக்கவும் போகிற எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இது பெரிய தொகை. அவர்களுக்கு நான் சொல்வது, அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது, அங்கே போங்கள். மயிலாடுதுறை, சீர்காழி பக்கம் உள்ளவர்களுக்குச் சிதம்பரம் அண்ணாமலை நகர் பல் மருத்துவக் கல்லூரி தூரமில்லை. ரயிலிலேயே போய் வரலாம். பல் மருத்துவக் கல்லூரிகளில் ஈறு நோய்க்குத் தனித் துறையே உண்டு, இதே மாதிரி கம்பி வைத்து அளந்துதான் சிகிச்சை கொடுப்பார்கள். நேரம் அதிகம் பிடிக்கும், செலவு மிகக் குறைவு.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் தெருவுக்கு மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம், "சர்க்கரை எவ்வளவுன்னு கேக்குறப்ப, ஈறுல ரத்தம் வருதான்னும் ஒரு வார்த்தை கேளும்மா" என்று சொன்னேன். அந்தப் பெண் இப்போது கேட்கிறது. கேட்டதில் எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டில் ஆமாம் என்றார்கள். அதில் ஒரு அம்மாவை நானும் என் மனைவியும் கூட்டிக்கொண்டு போனோம். அவருக்கு இப்போது ஒரு பக்கம் முடிந்திருக்கிறது.

போகிறவர்கள் கவனத்துக்கு: முன்கூட்டியே போன் செய்து காலை நேரம் கேளுங்கள். கடைசி ஹெச்பிஏ1சி ரிப்போர்ட், சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளின் அட்டை, பழைய பல் எக்ஸ்ரே இருந்தால் அது, எல்லாம் எடுத்துப் போங்கள். டிபன் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், பையில் இரண்டு பிஸ்கட் வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நாளில் கும்பகோணத்துக்குள் பஸ் நகராது, அன்றைக்கு நேரம் வாங்காதீர்கள். மோட்டார் சைக்கிளைக் கீழே விட இடம் இருக்கிறது, கார் என்றால் குளத்துப் பக்கம் விட்டுவிட்டு நடக்க வேண்டும். ஞாயிறு விடுமுறை.